துக்க வீட்டில் எந்த இசை?

(இறந்த விசுவாசிகள் நினைவு மாதத்தில் ஒலிபரப்பான வானொலி மறையுரை)



நவம்பர் மாதத்தை இறந்தோருக்காக மன்றாடும் மாதமாகத் திருச்சபை நமக்குத் தந்திருக்கிறது. 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குச் சில நாள்கள் முன்பே கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்குகிறோம். சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசுகிறோம். பூவும் மெழுகுதிரியும் வாங்கி வைக்கிறோம். இப்போது பல பங்குகளில் இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. அந்த ஆண்டில் இறந்தவர்களின் புகைப்படங்களை வீடு வீடாகச் சேகரித்து, வரிசையாகத் தொகுத்து, பங்கு மண்டபத்தில் திரையில் காட்டுகிறோம். முப்பதாம் நாளுக்கும் ஆண்டு நினைவுக்கும் வீடுகளிலேயே இப்படிச் செய்கிறவர்களும் உண்டு.

இந்த வேலையில் இறங்கும் நம் இளைஞர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "பின்னணிக்கு என்ன மியூசிக் போடலாம்? நல்ல சோகமா ஒண்ணு வேணும்." கைப்பேசியில் தேடினால் வயலின், பியானோ, ஷெனாய், புல்லாங்குழல் என்று எத்தனையோ வந்து நிற்கும். எல்லாவற்றையும் போட்டுக் கேட்டுப் பார்த்து, எதைக் கேட்டால் தொண்டை அடைக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

இது ஒரு சிறிய காரியம், இதற்கெல்லாம் மறையுரையா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்த மண்டபத்தின் முன்வரிசையை நினைத்துப் பார்ப்போம். சில வாரங்களுக்கு முன்புதான் கணவரை அடக்கம் செய்த பெண் அங்கே உட்கார்ந்திருப்பார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் இருப்பார்கள். அப்பாவின் படம் எப்போது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன் இருப்பான். அவர்கள் காதில் எதை விழச்செய்கிறோம் என்பது சிறிய காரியம் அல்ல. துக்க வீட்டு இசையைப் பற்றி நற்செய்தியும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது.

மத்தேயு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், மகளை இழந்த ஒரு தலைவரின் வீட்டுக்கு இயேசு போகிறார். மாற்கும் லூக்காவும் அவர் பெயர் யாயிர் என்றும், சிறுமிக்கு வயது 12 என்றும் எழுதுகிறார்கள். அந்த வீட்டில் இயேசு முதலில் கண்டது எதை? குழல் ஊதுவோரையும் அமளி செய்யும் கூட்டத்தையும்தான் என்கிறார் மத்தேயு. அன்றைய யூத வழக்கத்தில் சாவு வீட்டுக்குக் குழல் கட்டாயம். மனைவியை இழந்தவர் இஸ்ரயேலில் எவ்வளவு ஏழையாக இருந்தாலும், இரண்டு குழல்களுக்கும் புலம்புகிற ஒரு பெண்ணுக்கும் குறையாமல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று யூத மரபுகளின் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு ரபியின் கருத்து பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்தக் குழல்காரர்கள் தவறு ஏதும் செய்யவில்லை. ஊர் வழக்கப்படி வந்து, ஊர் வழக்கப்படி ஊதினார்கள்.

இயேசு அவர்களை விலகிப் போகச் சொல்கிறார். சிறுமி இறக்கவில்லை, உறங்குகிறாள் என்கிறார். உடனே அந்தக் கூட்டம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு முன் அழுதுகொண்டிருந்தவர்கள் அடுத்த நிமிடம் நகைக்கிறார்கள். அந்த அழுகை தொண்டைக்குக் கீழே இறங்கியதே இல்லை. அதனால்தான் அது அவ்வளவு எளிதாகச் சிரிப்பாக மாறியது. உண்மையில் பிள்ளையை இழந்தவர்கள் இருவர்தான். தாயும் தகப்பனும். அவர்களையும் தம் மூன்று சீடர்களையும் மட்டும் அழைத்துக்கொண்டு இயேசு உள்ளே போகிறார் என்கிறார் மாற்கு. அங்கே குழல் இல்லை, கூச்சல் இல்லை. சிறுமியின் கையைப் பிடித்து எழுப்புகிறார். பிறகு அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார்.

இயேசு துக்கத்தை விரும்பாதவர் என்று இதற்குப் பொருளா? இல்லை. பெத்தானியாவில் லாசரின் கல்லறைக்குப் போகும் வழியில், மரியா அழுவதைக் கண்டு அவரும் கண்ணீர்விட்டார். சில நிமிடங்களில் லாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். அந்தக் கண்ணீரை எந்த வாத்தியமும் வரவழைக்கவில்லை. நண்பனின் சாவும், நண்பனுடைய சகோதரியின் அழுகையும் வரவழைத்தன. துக்கத்தின்மேல் போர்த்திய சத்தத்தைத்தான் யாயிரின் வீட்டில் அவர் விலக்கினார். துக்கத்தை அவர் விலக்கவில்லை.

பழைய ஏற்பாட்டில் தாவீதைப் பார்ப்போம். சவுலை ஒரு தீய ஆவி வாட்டியபோதெல்லாம் தாவீது யாழ் மீட்டினார், சவுல் ஆறுதல் அடைந்தார் என்று சாமுவேல் முதல் நூல் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. இசையின் வல்லமைக்கு இந்தப் பகுதியை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுவோம். ஆனால் இரண்டு அதிகாரம் தள்ளிப் போனால், அதே தாவீது அதே சவுலின் முன் யாழ் மீட்டிக்கொண்டிருக்கிறார். இந்த முறை சவுல் ஈட்டியை எடுத்து அவர்மேல் எறிகிறார். யாழும் அதேதான், விரல்களும் அவைதான். கேட்டவரின் உள்ளம் மாறியிருந்தது. ஆகவே, "இந்த இசையைப் போட்டால் எல்லாருக்கும் ஆறுதலாக இருக்கும்" என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒருவரை அணைக்கும் இசை இன்னொருவருக்குக் குத்தலாக இருக்கலாம். நம் திரைப்பாடல்களையே பாருங்கள். சிவரஞ்சனி ராகத்தில் அழ வைத்த பாடல்களும் உண்டு, காதல் பாடல்களும் உண்டு. சோகம் ராகத்தில் மட்டும் இல்லை. கேட்பவர் கொண்டுவரும் நினைவிலும் இருக்கிறது.

பிறகு சவுலும் யோனத்தானும் போரில் மடிகிறார்கள். தாவீது அவர்களுக்காக ஓர் இரங்கற்பா பாடுகிறார். அதை யூதாவின் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் கட்டளையிடுகிறார். சாமுவேல் இரண்டாம் நூலின் முதல் அதிகாரத்தில் அது இருக்கிறது. வெறும் சோகமாக அதில் ஒரு வரியும் இல்லை. இருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறார். அவர்களுடைய வேகத்தைச் சொல்கிறார், வலிமையைச் சொல்கிறார். சவுலின் காலத்தில் இஸ்ரயேலின் பெண்கள் உடுத்திய நல்ல உடையைக்கூட நினைவுபடுத்துகிறார். தம்மைக் கொல்லத் தேடிய மனிதரின் நன்மையையும் மறைக்காமல் சொல்கிறார். யாருக்காக அழுகிறோம் என்பது அந்தப் பாட்டில் தெளிவாகத் தெரிகிறது.

நம் பாட்டிமார் வைத்த ஒப்பாரியும் அப்படித்தான். இறந்தவர் கட்டிய வீடு, இறைத்த கிணறு, பிள்ளைகளுக்கு வாங்கி வந்த தின்பண்டம் எல்லாம் அதில் வரும். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் போனவர் யார் என்று தெரியும். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் அங்கேயே இறந்த மறைப்பணியாளர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இந்த மரபை நன்றாகப் புரிந்துகொண்டவர். ஆண்டவருடைய பாடுகளைப் பற்றி அவர் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை யாழ்ப்பாணத்தில் தவக்காலத்தின்போது ராகத்தோடு வாசிக்கிறார்கள். பின்னணி வாத்தியம் அதற்குத் தேவைப்படுவதில்லை. ஆண்டவர் பட்ட பாடுகளே கேட்பவரை உருக்குகின்றன.

நம் மரபில் நாம் மனம்வருந்த வேண்டிய ஒன்றும் உண்டு. ஊரில் யார் இறந்தாலும் பறை அடிக்க வேண்டும் என்று ஒரு சாரார்மேல் கடமை சுமத்தினோம். அவர்களை அந்த வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லை. நம் துக்கத்துக்கு இசை அவர்களிடமிருந்து வேண்டும், அவர்களுடைய துக்கத்தில் நாம் பங்கெடுக்க மாட்டோம் என்று இருந்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலும் சுவர் எழுப்பிய பங்குகள் தமிழகத்தில் இருந்தன. இந்த அடிமைத்தனத்தை மறுத்து எழுந்தவர்கள் இன்று அதே பறையை மேடையில் மதிப்போடு முழக்குகிறார்கள். துக்க வீட்டு இசையைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிட்டுப் பேசினால் நாம் உண்மையாகப் பேசியவர்கள் ஆக மாட்டோம்.

இனி, திருச்சபை நமக்கு என்ன கற்பிக்கிறது என்று பார்ப்போம். ஆண்டிலேயே மிகத் துயரமான வழிபாடு பெரிய வெள்ளிக்கிழமை வழிபாடு. அது எப்படித் தொடங்குகிறது? வருகைப் பாடல் இல்லை, வாத்தியம் இல்லை. குருவானவர் அமைதியாகப் பீடத்தின்முன் வந்து முகங்குப்புற விழுகிறார். நாம் அனைவரும் முழந்தாளிடுகிறோம். அந்த மௌனத்தில் கைக்குழந்தையின் அழுகை கேட்கும், வெளியே காக்கை கரைவது கேட்கும். ஆண்டவருடைய சாவின் முன்னால் திருச்சபை தேர்ந்தெடுத்த பின்னணி அதுதான்.

1967 மார்ச் 5 அன்று உரோமை வெளியிட்ட 'மூசிக்கம் சாக்ரம்' என்ற திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரையின் 66ஆம் எண்ணில் ஒரு விதி இருக்கிறது. திருவருகைக் காலத்திலும், தவக்காலத்திலும், புனித மூன்று நாள்களிலும், இறந்தோருக்கான திருப்பலியிலும் திருப்புகழ்மாலையிலும் வாத்தியங்களைத் தனியாக வாசிக்கக் கூடாது என்கிறது அது. பாடலுக்குத் துணையாக வாசிக்கலாம். தனியாக வேண்டாம். அடக்கத் திருப்பலியில் இறைமக்களின் குரலே முன்னே நிற்க வேண்டும். உடைந்த குரலாக இருக்கலாம், சுருதி சேராமல் இருக்கலாம். ஆனாலும் அது விசுவாசத்தின் குரல்.

அந்தக் குரல் எதைப் பாட வேண்டும்? கிறிஸ்தவச் சாவின் பாஸ்காத் தன்மை அடக்கச் சடங்கில் இன்னும் தெளிவாக விளங்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கேட்டுக்கொண்டது. அதன்பின் வந்த புதிய திருப்பலி நூலில், பல நூற்றாண்டுகளாக இறந்தோர் திருப்பலியில் பாடப்பட்ட, தீர்ப்பு நாளின் அச்சத்தை விவரிக்கும் 'தியெஸ் இரே' இடம்பெறவில்லை. அடக்கத் திருப்பலியில் அல்லேலூயா ஒலிக்கத் தொடங்கியது. உடலைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும்போது பாடும் பழைய இலத்தீன் பாடல் ஒன்று உண்டு. வானதூதர்கள் இவரை விண்ணகத்துக்கு அழைத்துச் செல்லட்டும், முன்பு ஏழையாயிருந்த லாசரோடு இவர் இளைப்பாறட்டும் என்பது அதன் பொருள். அதன் மெட்டு அழவைக்கும் மெட்டு அல்ல, தெளிந்த மெட்டு. இறந்தவரை வழியனுப்பும் வேளையில், போய்ச் சேரும் இடத்தைத் திருச்சபை பாடுகிறது. தெசலோனிக்கருக்குப் பவுலடியார் எழுதியதும் இதே எண்ணத்தோடுதான். அழவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போல் அழ வேண்டாம் என்றார்.

மண்டபத்தில் நடக்கும் படக்காட்சி திருவழிபாடு அல்ல. ஆகவே அந்த 66ஆம் எண் அங்கே சட்டமாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதற்குள் இருக்கும் ஞானம் அங்கேயும் வேண்டும். பங்கின் இளைஞர்களுக்கும் பாடகர் குழுவினருக்கும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, குடும்பத்தாரைக் கேளுங்கள். இசையை நாம் முடிவு செய்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டால் போதும். "அவர் வீட்டில் எந்தப் பாட்டை முணுமுணுப்பார்?" "எந்தப் பாட்டை இப்போது உங்களால் கேட்க முடியாது?" இரண்டாவது கேள்வி மிக முக்கியம். மருத்துவமனைக்கு ஓடிய அந்த இரவில் ஒலித்த பாட்டாக அது இருக்கலாம். நமக்கு அது தெரிய வழியில்லை.

இரண்டாவது, திரைப்படச் சோகப் பாடல்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை கெட்டவை என்பதால் அல்ல. அந்தப் பாட்டு ஏற்கெனவே வேறொரு கதைக்குச் சொந்தம். அதைக் கேட்டதும் மண்டபத்துக்கு அந்த நடிகரும் அந்தக் காட்சியும் நினைவுக்கு வரும். திரையில் இருக்கும் நம் அந்தோணி தாத்தாவும் செல்வி அக்காவும் பின்னால் போய்விடுவார்கள். வார்த்தை இல்லாத இசை போதும். ஒரே ஒரு வாத்தியம் போதும். நம் பங்கில் வீணையோ வயலினோ புல்லாங்குழலோ வாசிக்கத் தெரிந்த ஒருவர், எல்லாருக்கும் பழகிய ஒரு ஞானப்பாடலை மெதுவாக வாசித்துத் தந்தால் அதைவிட நல்லது இல்லை.

மூன்றாவது, பெயர் கேட்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஆறு விநாடி வைத்தால், 30 பேருக்கு மூன்று நிமிடம்தான் ஆகிறது. அவசரப்பட வேண்டாம். படம் வரும்போது பெயரை ஒருவர் தெளிவாக வாசிக்கட்டும். வாசிக்கும்போது இசையின் ஒலியைக் குறைத்துவிடுங்கள். துக்க நேரத்தில் ஒலிக்கும் இசையைப் பொருந்தாத பேச்சுக்கு உவமையாகச் சொல்கிறது சீராக் நூல். நம் இசை பொருந்தியிருக்க வேண்டுமானால் அது பெயருக்குக் கீழே இருக்க வேண்டும், மேலே ஏறக் கூடாது.

நான்காவது, எல்லாருக்கும் ஒரே இசை, ஒரே அளவு நேரம். ஆலயத்துக்கு நன்கொடை கொடுத்தவருக்கு இரண்டு நிமிடம், கூலி வேலை செய்தவருக்கு இரண்டு விநாடி என்று இருக்கக் கூடாது. சிலருக்குப் படமே கிடைக்காது. தனியாக வாழ்ந்து இறந்த முதியவர் இருப்பார். பிறந்த அன்றே இறந்த குழந்தை இருக்கும். வேலைக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்து நம் ஊர் மண்ணில் புதைக்கப்பட்டவர் இருப்பார். அவர்களை விட்டுவிடாதீர்கள். திரையில் பெயரை மட்டும் எழுதி, அதே ஆறு விநாடி நிறுத்துங்கள். அழுவதற்கு யாரும் இல்லாதவருக்கு அந்த ஆறு விநாடியும் நாமே குடும்பத்தார்.

ஐந்தாவது, முடிவைக் கவனியுங்கள். கடைசிப் படம் போனதும் இசையைச் சட்டென்று வெட்டி, "அடுத்த நிகழ்ச்சி" என்று அறிவிக்கும் பழக்கம் வேண்டாம். இசை மெல்ல அடங்கட்டும். ஒரு நிமிடம் எல்லாரும் மௌனமாக இருப்போம். விசும்பல் கேட்டால் கேட்கட்டும். பிறகு எல்லாரும் எழுந்து உயிர்ப்பின் பாடல் ஒன்றைச் சேர்ந்து பாடுவோம். வந்தவர்களை அழவைத்து அனுப்பிவிட்டோம் என்பது நமக்குச் சாதனை அல்ல. அழுதவர்கள் தனியாக வீடு திரும்பவில்லை என்றால் அதுதான் நாம் செய்த இரக்கச் செயல்.

இளைஞர்களே, நீங்கள் கைப்பேசியில் சோக இசை தேடும்போது, "எது அதிகம் அழவைக்கும்?" என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதிலாக, "முன்வரிசையில் இருக்கும் அந்த அம்மாவுக்கு எது துணையாக இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தேர்வு தானாக மாறும். சில வேளை, இசையே வேண்டாம் என்றும் முடிவு வரலாம். அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அழுவோரோடு அழுங்கள் என்று உரோமையருக்கு எழுதியபோது, பவுலடியார் அவர்களை அழவைக்கச் சொல்லவில்லை. அவர்களோடு இருக்கச் சொன்னார்.

இந்த மாதம் முழுவதும் கல்லறைத் தோட்டங்களுக்குப் போவோம். நம் வீட்டார் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியபின், பக்கத்தில் திரியில்லாமல் இருக்கும் கல்லறையிலும் ஒன்று ஏற்றுவோம். அங்கே எந்தக் கருவியும் வேண்டாம். பெயரைச் சொல்லி ஒரு மன்றாட்டுச் சொன்னால் போதும்.

இறைவா, யாயிரின் வீட்டில் அமளியை விலக்கி, அழுத பெற்றோரை உம் அருகில் வைத்துக்கொண்டவரே, எங்கள் துக்க வீடுகளுக்கும் வாரும். பெயர் தெரிந்தவர்களையும் பெயர் மறந்துபோனவர்களையும் உமது கரம் பிடித்து எழுப்பும். எங்கள் பாடலும் எங்கள் மௌனமும் உம் குரலுக்கு வழிவிடுவதாக. ஆமென்.